ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட்டுவிடுகிறது, மயோகுளோபின் ஏன் விடுவதில்லை?

கேள்வி இதுதான்: ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினிலும் தசையில் இருக்கும் மயோகுளோபினிலும் அதே ஹீம் (நடுவில் இரும்பை வைத்திருக்கும் வளைய மூலக்கூறு), அதே இரும்பு. ஆனால் ஆக்சிஜன் அழுத்தம் ஏற ஏறப் புரதம் எவ்வளவு நிரம்புகிறது என்று காட்டும் வரைபடத்தில் ஒன்று எஸ் எழுத்து மாதிரி நெளிகிறது, இன்னொன்று சட்டென்று ஏறி மேலே தட்டையாக நின்றுவிடுகிறது. ஏன்? பாடப்புத்தகத்தில் 'கூட்டுறவுப் பிணைப்பு' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார்கள் என்கிறீர்கள். ஆக்சிஜனை விடவே விடாத மயோகுளோபினால் தசைக்கு என்ன பயன் என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜனைப் பிடிப்பது பெரிய வித்தையில்லை, மயோகுளோபின் அதை அருமையாகச் செய்கிறது. சரியான இடத்தில் விடுவதுதான் வித்தை. மயோகுளோபின் கடன் வாங்கினால் திருப்பித் தராத ஆள் மாதிரி. அதே போன்ற நான்கு அமினோ அமிலச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டி, அந்தக் கட்டின் மூலமாகவே அவற்றின் பிடியை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருப்பதுதான் ஹீமோகுளோபின். எஸ் வளைவு அந்தக் கெடுப்பிலிருந்து வருகிறது. இனி விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், இப்படி ஒரு புரதம் எதற்குத் தேவை என்பது. தண்ணீரில் ஆக்சிஜன் சரியாகக் கரையாது. 100 மி.லி. ரத்தத்தில் வெறுமனே கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 0.3 மி.லி. தான். அதே 100 மி.லி.யில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால், கிராமுக்கு 1.34 மி.லி. வீதம் சுமார் 20 மி.லி. ஏற்றலாம். அறுபது, எழுபது மடங்கு வித்தியாசம். வளர்ந்த பிறகும் ஹீமோகுளோபின் இல்லாமலே காலம் தள்ளும் முதுகெலும்பிகளில் பெயர்பெற்றவை அண்டார்க்டிகாவின் பனிமீன்கள். உறைநிலையை ஒட்டிய கடல்நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், அவற்றின் இதயமும் பெரியது, அதனால் சமாளிக்கின்றன.

சரி, இரும்புதானே ஆக்சிஜனைப் பிடிக்கிறது, ஹீமை மட்டும் ரத்தத்தில் கரைத்துவிட்டால் போதாதா? போதாது. தண்ணீரில் தனியாக மிதக்கும் ஹீமுக்கு ஆக்சிஜன் கிடைத்தால், இரண்டு ஹீம்கள் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறை நடுவில் வைத்து நெருங்கி, இரும்பு தன் எலக்ட்ரானை இழந்து இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குப் போய்விடும். மூன்றாம் நிலை இரும்பு ஆக்சிஜனைப் பிடிக்காது, கதை முடிந்தது. புரதத்தின் முதல் வேலை இதைத் தடுப்பதுதான்: தண்ணீருக்கு ஒத்துப்போகாத அமினோ அமிலங்களால் ஒரு குழி செய்து, அதற்குள் ஹீமைத் தனியாகச் செருகி வைக்கிறது. இரும்புக்கு ஆறு பிணைப்பு இடங்கள். நான்கை ஹீமின் வளையத்தில் உள்ள நைட்ரஜன்கள் எடுத்துக்கொள்கின்றன. ஐந்தாவதைப் புரதத்தில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் பிடித்திருக்கிறது. ஆறாவது காலி, அங்கேதான் ஆக்சிஜன் வந்து சற்றே சாய்ந்த கோணத்தில் உட்காரும். அந்தப் பக்கம் இன்னொரு ஹிஸ்டிடின் இருக்கிறது. அது இரும்பைத் தொடுவதில்லை, ஆனால் வந்து உட்கார்ந்த ஆக்சிஜனுக்கு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு கொடுத்து நிலைப்படுத்துகிறது.

இந்த இரண்டாவது ஹிஸ்டிடினைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும், பல புத்தகங்களில் பழைய விளக்கமே இன்னும் ஓடுகிறது. தனி ஹீம் கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனைவிட சுமார் 20,000 மடங்கு வலுவாகப் பிடிக்கும். புரதத்துக்குள் போனதும் இது 200 மடங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. நேராக நிற்க விரும்பும் கார்பன் மோனாக்சைடை அந்த ஹிஸ்டிடின் இடித்து வளைத்துவிடுகிறது, அதனால்தான் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். இப்போது பெரும்பாலோர் ஏற்பது வேறு: பிணைந்த ஆக்சிஜனில் மின்னூட்டப் பிரிவு அதிகம், அதனால் ஹைட்ரஜன் பிணைப்பின் ஆதாயம் அதற்குத்தான் கிடைக்கிறது, கார்பன் மோனாக்சைடுக்கு அது பெரிதாகக் கிடைப்பதில்லை. இடம் நெருக்கடி என்பது சிறு பங்கு.

அடுத்து வடிவம். மயோகுளோபின் என்பது 153 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலி. அதில் முக்கால்வாசி ஆல்ஃபா ஹெலிக்ஸ் எனப்படும் சுருள்களாக இருக்கிறது, மொத்தம் எட்டுச் சுருள்கள். லைனஸ் பாலிங் குழு 1951-இல் காகிதத்திலும் மாதிரிகளிலும் கணித்துச் சொன்ன அதே சுருள், ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம். சுருள்களுக்கு ஏ முதல் ஹெச் வரை பெயர் வைத்தார்கள். அதனால் 'எஃப்-8 ஹிஸ்டிடின்' என்று படித்தால் பயப்பட வேண்டாம், எஃப் சுருளில் எட்டாவது என்றுதான் பொருள். இரும்பைப் பிடித்திருப்பது அதுதான். எதிர்ப்பக்கம் இருப்பது ஈ-7.

இந்த வடிவத்தைக் கண்டுபிடித்தவர் கேம்பிரிட்ஜின் ஜான் கெண்ட்ரூ. 1958-இல் 6 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் மங்கலாக, 1960-இல் 2 ஆங்ஸ்ட்ராமில் தெளிவாக. எடுத்துக்கொண்டது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மயோகுளோபின். அந்தத் தசையில் அது கொட்டிக் கிடக்கும், படிகமும் பெரிதாக நன்றாக வரும். ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை மனிதர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. ஐந்து வருடத்துக்கு முன்புதான் அதே ஊரில் டிஎன்ஏ-வின் அழகான இரட்டைச் சுருள் வெளிவந்திருந்தது. இதுவோ சமச்சீர் எதுவும் இல்லாமல் குடல் மாதிரி முறுக்கிக் கிடந்தது. ஆனால் அந்த முறுக்கலுக்கும் விதி உண்டு. அமினோ அமிலச் சங்கிலியின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் கணக்குப் போட்டு 1963-இல் வெளியிட்டார்கள். அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கும் உலகில் எந்த ஆய்வகம் புதிதாக ஒரு புரத வடிவத்தைத் தீர்மானித்தாலும், கோணங்கள் அந்த வரைபடத்தின் அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள் விழுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியிடுவார்கள்.

அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் மேக்ஸ் பெருட்ஸ் 1930-களின் பிற்பகுதியிலிருந்து குதிரை ஹீமோகுளோபினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே படங்கள் கிடைத்தன, ஆனால் அவற்றிலிருந்து வடிவத்துக்குப் போக வழியில்லை. 1953-இல், பாதரசம் போன்ற கனமான அணுவைப் புரதத்தில் ஒட்டி எடுத்த படத்தையும் ஒட்டாத படத்தையும் ஒப்பிட்டால் வழி பிறக்கும் என்று காட்டினார், கெண்ட்ரூவும் அந்த வழியில்தான் போனார். 1960-இல் பெருட்ஸின் 5.5 ஆங்ஸ்ட்ராம் வடிவம் வந்தபோது எல்லோருக்கும் ஆச்சரியம்: நான்கு சங்கிலிகள், ஒவ்வொன்றும் பார்க்கக் கெண்ட்ரூவின் மயோகுளோபினைப் போலவே இருந்தது. இரண்டு ஆல்ஃபா, தலா 141 அமினோ அமிலம். இரண்டு பீட்டா, தலா 146. மயோகுளோபினோடு வரிசையை ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்குதான் ஒத்துப்போகிறது, ஆனாலும் மடிப்பு அதேதான். 1962-இல் இருவருக்கும் சேர்த்து வேதியியல் நோபல்.

இப்போது உங்கள் வளைவுக்கு வருவோம். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் புரிந்துகொள்ள முடியாது என்பது என் அபிப்பிராயம், கணக்கும் எளிதுதான். நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 100 மி.மீ. பாதரசம். ஓய்வில் இருக்கும் உடலின் திசுக்களில் 40 அளவு, ஓடிக்கொண்டிருப்பவரின் தசையில் 20 அல்லது அதற்கும் கீழே. மயோகுளோபின் பாதி நிரம்புவதற்கு 2 அல்லது 3 மி.மீ. போதும், 2.8 என்று வைத்துக்கொள்வோம். நிரம்பிய பங்கு என்பது அழுத்தத்தை, அழுத்தமும் 2.8-ம் சேர்ந்த தொகையால் வகுத்தால் வருவது. 100-இல் 97 சதவீதம். 40-இல் 93. 20-இல் 88. அதாவது ரத்தத்தில் மயோகுளோபினை ஓடவிட்டால், நுரையீரலில் ஏற்றிய சரக்கில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஓடுகிறவரின் தசையில் இறக்காமல் திரும்பி வந்துவிடும்.

"அப்படியென்றால் பிடியைக் கொஞ்சம் தளர்த்திய மயோகுளோபின் போதுமே, நான்கு சங்கிலி எதற்கு?" என்று அடுத்துக் கேட்கத் தோன்றும், கேட்கவும் வேண்டும். ஹீமோகுளோபின் பாதி நிரம்பும் அழுத்தம் 26. அதே 26-ஐ ஒற்றைச் சங்கிலிக்குக் கொடுத்துப் பாருங்கள். 100-இல் 79 சதவீதம்தான் ஏறும், 20-இல் 43 சதவீதம் ஒட்டிக்கொண்டிருக்கும், இறங்கியது 36. ஏற்றும் இடத்தில் நட்டம், இறக்கும் இடத்திலும் நட்டம். உண்மையான ஹீமோகுளோபின் 100-இல் 98 அளவு ஏறி, 40-இல் 75-ஐ ஒட்டி வந்து, 20-இல் 32-க்கு விழுகிறது. ஓடுகிறவரின் தசையில் மூன்றில் இரண்டு பங்கு இறங்கிவிடுகிறது. எஸ் வளைவின் செங்குத்தான பகுதி சரியாக 20-க்கும் 40-க்கும் நடுவில், திசுக்கள் இருக்கும் இடத்தில், விழுகிறது பாருங்கள். ஒற்றைச் சங்கிலியை வைத்துக்கொண்டு எவ்வளவு தளர்த்தினாலும் இறுக்கினாலும் இந்தச் செங்குத்து கிடைக்காது, வளைவை இடமும் வலமும் நகர்த்தலாம், அவ்வளவுதான்.

வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதே வளைவின் மறுமுனை தெரிந்திருக்கும். மேல்பகுதி தட்டை என்பதால் நுரையீரலில் அழுத்தம் 100-லிருந்து 60-க்கு இறங்கினாலும் விரலில் எண் 98-லிருந்து 90-க்குத்தான் வரும். கருவியில் பார்க்க எட்டுப் புள்ளிதான், உள்ளே அழுத்தம் நாற்பது போயிருக்கிறது. 90-க்குக் கீழே போனால் சரிவு தொடங்கிவிடும், அதற்கப்புறம் கொஞ்சம் அழுத்தம் குறைந்தாலும் எண் மளமளவென்று விழும். மருத்துவர்கள் 90 என்ற எண்ணைக் கண்டு பதறுவதற்கு இதுதான் காரணம்.

அந்தச் செங்குத்து எப்படி வருகிறது? 1938-இல் பிராகில் ஃபீலிக்ஸ் ஹவுரோவிட்ஸ் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் படிகங்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதா நிறத்தில் அறுகோணத் தட்டுகள். காற்று உள்ளே போனதும் அந்தத் தட்டுகள் கரைந்து, சிவப்பு ஊசிகளாக வேறு படிகம் உருவானது. ஒரு சின்ன மூலக்கூறு வந்து ஒட்டிக்கொண்டதற்குப் படிகமே உடைகிறது என்றால், புரதத்தின் வடிவமே மாறுகிறது என்று அர்த்தம். மயோகுளோபின் படிகத்தில் இப்படி எதுவும் நடப்பதில்லை.

என்ன மாறுகிறது என்பதைப் பெருட்ஸ் 1970-இல் அணு அளவில் சொன்னார். ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு ஹீம் தளத்தில் சரியாக உட்காராமல் எஃப்-8 ஹிஸ்டிடின் பக்கமாகச் சுமார் 0.4 ஆங்ஸ்ட்ராம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் வந்து மறுபக்கம் பிணைந்ததும் இரும்பு தளத்துக்குள் இழுபடும். இரும்போடு ஹிஸ்டிடின், ஹிஸ்டிடினோடு எஃப் சுருள், சுருளோடு அதன் முனை. அந்த முனை உட்கார்ந்திருப்பது பக்கத்துச் சங்கிலியோடு உரசும் எல்லையில். அங்கே சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் உப்புப் பாலங்கள், அதாவது எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்களின் இழுவைகள், அறுகின்றன. ஒரு ஆல்ஃபா-பீட்டா ஜோடி மற்ற ஜோடியை ஒப்பிட்டு 15 டிகிரி திரும்புகிறது. தலைமுடியின் தடிமனில் லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய ஒரு நகர்வு, மூலக்கூறு முழுவதையும் திருப்பிவிடுகிறது. உயிர்வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

திரும்புவதற்கு முந்தைய இறுக்கமான நிலைக்கு 'டி', திரும்பிய பிறகு வரும் தளர்வான நிலைக்கு 'ஆர்' என்று பெயர். டி நிலைக்கு ஆக்சிஜன் பிடிப்பு மோசம், ஆர் நிலைக்கு நல்ல பிடிப்பு. இந்த இரு நிலைகளை வைத்து மொனோ, வைமன், ஷாங்கோ மூவரும் 1965-இல் ஒரு மாதிரி தந்தார்கள்: நான்கு சங்கிலியும் ஒன்றாக டி-யில் இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றாக ஆர்-இல் இருக்கும், பாதிப்பாதி கிடையாது. அடுத்த வருடமே கோஷ்லண்டும் உடனிருந்தவர்களும் இல்லை, ஒவ்வொரு சங்கிலியாகத்தான் மாறும் என்றார்கள். தேர்வுக்கு இரண்டையும் எழுதுங்கள். நிஜத்தில் ஹீமோகுளோபின் முதல் மாதிரிக்குத்தான் நெருக்கம், ஆனால் டி நிலைக்குள்ளேயே சின்னச்சின்ன மாற்றங்கள் நடக்கின்றன என்பதால் அதுவும் முழுமையாகப் பொருந்தாது.

புத்தகங்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. கூட்டுறவுப் பிணைப்பு என்றால் "முதல் ஆக்சிஜன் அடுத்ததற்கு உதவி செய்கிறது" என்று படித்தால் ஏதோ ஹீமோகுளோபின் படிப்படியாகத் திறமை கூட்டிக்கொள்வதுபோலத் தோன்றும். உண்மையில் ஆர் நிலையின் பிடிப்பு கிட்டத்தட்டத் தனிச் சங்கிலியின் பிடிப்புதான், மயோகுளோபின் வகைதான். அது இயல்பு. டி நிலைதான் செயற்கையாக உண்டாக்கிய ஊனம். உப்புப் பாலங்கள் இரும்பைத் தளத்துக்குள் போகவிடாமல் இழுத்துப் பிடித்திருக்கின்றன, ஆக்சிஜன்கள் வரவர அந்த இழுவை போய்விடுகிறது.

இதற்கு நல்ல சாட்சி ஒரு நோய். ஆல்ஃபா தலசீமியாவின் ஒரு வகையில் ஆல்ஃபா சங்கிலி போதுமான அளவு உருவாகாது, மிஞ்சிய பீட்டா சங்கிலிகள் நான்கு நான்காகக் கூடிக்கொள்ளும். அதற்கு ஹீமோகுளோபின் ஹெச் என்று பெயர். நான்கு சங்கிலி, நான்கு ஹீம், எல்லாம் இருக்கிறது. ஆனால் எஸ் வளைவு கிடையாது. மயோகுளோபின் போலவே பிடித்துக்கொண்டு விடாது, திசுக்களுக்கு ஆக்சிஜன் கொடுக்க லாயக்கில்லை. ஆக, நான்காக இருப்பதால் மட்டும் கூட்டுறவு வந்துவிடாது; ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் நடுவில் உள்ள அந்தக் குறிப்பிட்ட எல்லைதான் வேலை செய்கிறது.

டி நிலைதான் கைப்பிடி என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக விளங்கிவிடும். டி-யை எது தாங்கிப்பிடிக்கிறதோ அது ஆக்சிஜனை இறக்க உதவும். உழைக்கும் தசையில் அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் அதிகம். அமிலத்தின் புரோட்டான்கள் பீட்டா சங்கிலியின் கடைசி ஹிஸ்டிடின் போன்றவற்றில் ஏறி மின்னூட்டம் கொடுக்க, டி நிலையின் உப்புப் பாலங்கள் உறுதியாகின்றன. பிஎச் 7.4-லிருந்து 7.2-க்கு இறங்கினாலே போதும், அந்த மூன்றில் இரண்டு பங்கு இறக்கம் நான்கில் மூன்று பங்கைத் தாண்டிவிடுகிறது. டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் 1904-இல் கண்ட விளைவு இது. அணு மாதிரிக்குப் பெயர்பெற்ற நீல்ஸ் போரின் அப்பா.

அப்புறம் 2,3-பிபிஜி. சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய ஹீமோகுளோபினுக்கு இணையான எண்ணிக்கையில் இருக்கும் சின்ன மூலக்கூறு, உடலெங்கும் எதிர்மின்னூட்டம். நான்கு சங்கிலிகளுக்கு நடுவே ஒரு துளை இருக்கிறது. டி நிலையில் அந்தத் துளை அகலம், பிபிஜி அதற்குள் போய் இரண்டு பீட்டா சங்கிலிகளின் நேர்மின்னூட்டங்களைப் பிடித்துக்கொள்ளும். ஆர் நிலைக்கு மாறினால் துளை சுருங்கி அது வெளியே தள்ளப்படும். பிபிஜி-யை முழுக்க நீக்கிவிட்டால் ஹீமோகுளோபின் 26-க்குப் பதில் 12 மி.மீ.யிலேயே பாதி நிரம்பிவிடும். 1967 வரை இதன் பங்கு யாருக்கும் தெரியாது. மலைமேல் சில நாள் தங்கினால் உடல் பிபிஜி-யைக் கூட்டிக்கொள்கிறது. ரத்த வங்கியில் சேமித்த ரத்தத்தில் இரண்டு வாரத்துக்குள் அது பெருமளவு குறைந்துவிடுகிறது, ஏற்றிய பிறகு உடலுக்குள் மீண்டும் உருவாக நேரம் பிடிக்கும். கருவிலிருக்கும் குழந்தைக்குப் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி. அதில் 143-ஆவது இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் செரின் இருப்பதால் பிபிஜி சரியாக ஒட்டாது, குழந்தையின் ரத்தம் 20 மி.மீ. அளவிலேயே பாதி நிரம்பும். தாயின் ரத்தம் விடும் அழுத்தத்தில் குழந்தையின் ரத்தம் வாங்கிக்கொள்கிறது.

ஒற்றை அமினோ அமிலம் எவ்வளவு செய்யும் என்பதற்கு இன்னொரு உதாரணம், திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வருகிற பறவை. கருவி பொருத்திக் கண்காணித்தபோது 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததும் பதிவாகியிருக்கிறது. அதன் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா சங்கிலியின் 119-ஆவது இடத்தில் உறவுப் பறவைகளுக்கு இருக்கும் புரோலினுக்குப் பதிலாக அலனின். புரோலின் பக்கத்துச் சங்கிலியோடு உரசும், அலனின் சிறியது என்பதால் அந்த உரசல் போய்விடுகிறது, டி நிலை ஒரு தாங்கலை இழக்கிறது, பிடிப்பு கூடுகிறது. பெருட்ஸ் 1983-இல் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்தார். பிற்பாடு மனித ஹீமோகுளோபினிலேயே அந்த ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்தார்கள், பிடிப்பு கூடத்தான் செய்தது.

அரிவாள் செல் நோயிலும் ஒரே ஒரு மாற்றம்தான், பீட்டாவின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். பாலிங் 1949-இல் இதை மூலக்கூறு நோய் என்றார், 1957-இல் வெர்னன் இங்ராம் அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் மாறியிருப்பது எந்த அமினோ அமிலம் என்று கண்டுபிடித்தார். இந்தியாவில் இந்த ஹீமோகுளோபினை முதலில் பதிவு செய்தது நீலகிரியின் பழங்குடி மக்களிடம், 1952-இல். ஹீம் குழியிலிருந்து தள்ளி, புரதத்தின் மேற்பரப்பில் இருக்கிற மாற்றம் இது, ஆக்சிஜனைப் பிடிக்கும் வேலையை நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் டி நிலையில் மட்டும் பக்கத்து மூலக்கூறில் இந்த வேலின் போய்ச் செருகிக்கொள்ள ஏதுவான ஒரு பள்ளம் வெளியே தெரிகிறது, அதில் ஒன்று, அதில் ஒன்று என்று நீண்ட இழைகளாகி, சிவப்பணு வளைந்துவிடுகிறது. ஆக்சிஜனை இறக்கிய பிறகுதான் பிரச்சினை தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். ஆர் நிலையிலேயே நிறுத்தி வைத்தால் இழை உருவாகாதே என்ற யோசனையில் வாக்ஸிலோடர் என்ற மருந்து 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹீமோகுளோபின் அளவும் கூடியது. ஆனால் 2024-இல் பரிசோதனைகளில் கிடைத்த பாதுகாப்புத் தரவுகளைப் பார்த்து உலகம் முழுவதும் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

கார்பன் மோனாக்சைடும் இதே கதையின் கொடூரமான பக்கம். அடைத்த அறையில் கரி அடுப்போ ஜெனரேட்டரோ ஓடவிட்டால் வருகிற வாயு. நான்கு ஹீமில் இரண்டை அது பிடித்துக்கொண்டால் பாதி கொள்ளளவு போயிற்று, மிச்சம் பாதி வேலை செய்யும் என்றுதான் நினைப்போம். அப்படி நடப்பதில்லை. அது மூலக்கூறை ஆர் நிலைக்குத் தள்ளிவிடுவதால் மீதி இரண்டில் இருக்கும் ஆக்சிஜனும் திசுவில் இறங்காது. ரத்தசோகையால் பாதி ஹீமோகுளோபின் குறைந்தவர் நடமாடுவார், கார்பன் மோனாக்சைடு பாதியைப் பிடித்தவர் உயிருக்குப் போராடுவார். சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டர் இரண்டே அலைநீள ஒளியை வைத்துக் கணிப்பதால், கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏறியது என்றே எண்ணி நல்ல எண்ணைக் காட்டும், அதை நம்பக்கூடாது.

கடைசியாக உங்கள் இரண்டாவது கேள்வி, விடாத மயோகுளோபினால் என்ன பயன். விடாது என்பது 20, 40 மி.மீ. கணக்கில்தான். தசை நாருக்குள், மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருக்கும் இடத்தில், அழுத்தம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். அங்கே அது தாராளமாகவே விடும். கடுமையாக வேலை செய்யும் மனிதத் தொடைத் தசையில் மயோகுளோபின் பாதியளவு காலியாகிவிடுவதை அளந்திருக்கிறார்கள். ஹீமோகுளோபின் விடும் அழுத்தத்தில் வாங்கிக்கொண்டு, அதைவிட வெகு கீழே விட வேண்டும். அதற்கு இந்தப் பிடிப்புதான் பொருத்தம். இதயத் தசை சுருங்கும் அந்த நொடிப்பொழுதில் அதன் சொந்த ரத்தக் குழாய்களே நசுங்கி ஓட்டம் தடைபடும், அந்த இடைவெளியையும் இது நிரப்புகிறது.

கோழியின் காலில் கறி கருப்பாகவும் நெஞ்சில் வெள்ளையாகவும் இருப்பது, சூரை மீன் செக்கச்செவேலென்று இருப்பது எல்லாம் மயோகுளோபின் அளவு. கடையில் கறியிலிருந்து வடிகிற சிவப்பு நீரும் பெரும்பாலும் இதுதான், ரத்தம் வெட்டும்போதே வடிந்துவிடும். வைத்திருந்த கறி பழுப்பாவது இரும்பு மூன்றாம் நிலைக்குப் போவதால். திமிங்கிலத் தசையில் நம்முடையதைப்போலப் பத்து மடங்கு அளவுக்கு இருக்கும், கிட்டத்தட்டக் கருப்பு நிறம். இவ்வளவு நெருக்கமாக அடைத்தால் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட வேண்டும். ஆழ்ந்து மூழ்கும் பாலூட்டிகளின் மயோகுளோபினில் மேற்பரப்பு நேர்மின்னூட்டம் கூடுதலாக இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன என்று 2013-இல் கண்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும்: 1998-இல் மயோகுளோபின் மரபணுவையே நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள், அவை பிறந்து, வளர்ந்து, ஓடவும் செய்தன. உடனே மயோகுளோபின் வீண் என்று எழுதியவர்களும் உண்டு. பிறகு நெருங்கிப் பார்த்தபோது அந்த எலிகளின் இதயத்தில் ரத்த நுண்குழாய்கள் கூடுதலாகவும், இதயக் குழாய்களில் ரத்த ஓட்டம் அதிகமாகவும், ரத்தத்தில் சிவப்பணு விகிதம் உயர்ந்தும் இருந்தன. மயோகுளோபின் இல்லாத குறையை ரத்தத்தைக் கூட்டித்தான் சரிக்கட்டியிருக்கின்றன.